ஈரக்குமிழ் திரி காய்ந்துபோனது, ஈரப்பதம் 100 என்று எழுதிவிட்டேன்: முதலாண்டு வானிலைப் பாடச் சந்தேகங்கள்

நனையாத திரி | ஜூன் 11, இரவு 9:40

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு வேளாண் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் வளிமண்டலமும் வானிலையும் பற்றிய அறிமுகத் தாள் இருக்கிறது. வகுப்பு போக, கல்லூரி வானிலைக் கூடத்தில் முறைவைத்து அளவெடுக்கவும் வேண்டும்.

இன்று மதியம் என் முறை. வெப்பமானிகளை வைக்கும் ஸ்டீவன்சன் கூண்டைத் திறந்தேன். சாதாரண வெப்பமானியான உலர்குமிழ் 31.5 டிகிரி. ஈரத்திரி சுற்றிய, திரியின் நீர் ஆவியாவதால் குளிர்ந்து குறைவாகக் காட்ட வேண்டிய ஈரக்குமிழும் 31.5. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒப்பு ஈரப்பதம் 100 என்று அட்டவணை சொல்கிறது, அப்படியே எழுதிவிட்டேன். வெளியே காற்றில் புழுதி பறந்துகொண்டிருந்தது. பதிவேட்டைப் பார்த்த ஆசிரியர் திட்டவில்லை. கூண்டருகே அழைத்துப்போய், ஈரக்குமிழைச் சுற்றியிருந்த மஸ்லின் துணியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பொரித்த அப்பளம் போல மொறமொறவென்று இருந்தது. கீழே குப்பியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "இப்போது இந்தக் கூண்டில் இரண்டு உலர்குமிழ்கள் இருக்கின்றன" என்றார். நண்பர்கள் எனக்கு வைத்த பெயரைத்தான் இங்கே பயனர் பெயராக்கியிருக்கிறேன்.

திரி விஷயம் புரிந்துவிட்டது. புரியாதவை வேறு. ஈரக்காற்று உலர்காற்றைவிட எடை குறைந்தது என்கிறார்கள். தண்ணீர் சேர்ந்தால் கனக்கத்தானே வேண்டும்? மேலே ஏறும் காற்று, வெப்பத்தை எவருக்கும் கொடுக்காமலேயே குளிர்கிறது என்கிறார்கள். வெப்பத்தைக் கொடுக்காமல் ஒரு பொருள் எப்படிக் குளிரும்? கடைசியாக, நாங்கள் காலையில் அளவெடுக்கும் நேரம் 7:22, மதியம் 2:22. அதென்ன 22 நிமிடம்? ராகுகாலம் பார்த்து வைத்தார்களா?

மூன்றாமாண்டு அக்கா | ஜூன் 11, இரவு 10:05

தம்பி, திரியைக் காயவிடாத ஆள் எங்கள் வகுப்பிலும் கிடையாது. நான் சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, ஒரு மாதத்தில் துணியில் உப்பேறி, ஈரக்குமிழ் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வந்ததைக் கவனிக்காமல் விட்டவள். காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும்.

எடைக்கு வருகிறேன். காற்றில் தண்ணீர் "சேர்கிறது" என்று நினைப்பதுதான் சிக்கல். ஒரே அழுத்தம், ஒரே வெப்பநிலை என்றால் ஒரு கன அடிக்குள் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு நீராவி மூலக்கூறு உள்ளே வந்தால் ஒரு நைட்ரஜனோ ஆக்சிஜனோ இடம் விட்டாக வேண்டும். நைட்ரஜன் 28, ஆக்சிஜன் 32, உலர்காற்றின் சராசரி 29. வந்திருப்பது 18. நிறைந்த பஸ்ஸில் ஒரு பெரியவர் இறங்கி ஒரு பள்ளிக்கூடப் பையன் ஏறினால் பஸ்ஸின் எடை கூடுமா, குறையுமா?

குறுக்குக்கேள்வி | ஜூன் 11, இரவு 10:31

பஸ் உவமை அழகு. ஆனால் புழுக்கமான நாளில் காற்று கனமாக இருப்பதாக எல்லோரும் உணர்கிறோமே, அது பொய்யா? இன்னொன்றும் கேட்கிறேன். சூடான காற்று ஒரு பெரிய ஸ்பாஞ்சு, அதிக நீரைப் பிடித்துக்கொள்ளும் என்றுதான் நாங்கள் படித்தோம். அதுவும் இப்போது மாறிவிட்டதா?

கரும்பலகை | ஜூன் 12, காலை 6:50

இந்தத் தாளைப் பல ஆண்டுகளாக நடத்துபவன் என்ற உரிமையில் சற்று நீளமாக எழுதுகிறேன்.

புழுக்கத்தில் கனப்பது காற்றல்ல, நம் உடம்பு. வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே நிற்கிறது. திரி காய்ந்துபோன ஈரக்குமிழைப் போல நம்மாலும் குளிர முடிவதில்லை. எடை வித்தியாசம் சிறியதுதான். 30 டிகிரியில் முழுதும் நிறைவுற்ற காற்று, அதே வெப்பநிலையில் இருக்கும் உலர்காற்றைவிட ஒன்றரை சதவீதம் அளவுக்கே லேசு. ஆனால் வளிமண்டலத்துக்கு அது போதும். உலர்காற்றை ஏறத்தாழ 5 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் எவ்வளவு லேசாகுமோ அவ்வளவு அது.

ஸ்பாஞ்சு உவமையை என் வகுப்பில் யாராவது சொன்னால் நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். காற்று எதையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ஒரு மூடிய பாத்திரத்தில் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் வைத்தாலும், அந்த வெப்பநிலைக்கு உரிய அதே அளவு நீராவிதான் மேலே நிற்கும். அதைத் தீர்மானிப்பது நீரின் வெப்பநிலை. 20 டிகிரியில் நிறைவு ஆவியழுத்தம், அதாவது நீராவி அதிகபட்சம் தரக்கூடிய அழுத்தம், சுமார் 23 ஹெக்டோபாஸ்கல். 30 டிகிரியில் சுமார் 42. பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரட்டிப்பு. மார்கழி விடியலின் 95 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் நீராவியைவிட, சித்திரை மதியத்தின் 50 சதவீதத்தில் அதிக நீராவி இருக்க முடிவதும் அதனால்தான். ஒப்பு ஈரப்பதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் நீராவி துளியாகத் தொடங்குமோ அதுதான் பனிநிலை. பனிநிலையைப் பாருங்கள்.

குளிர்வதைப் பற்றி. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும். அடுப்பு எதுவும் வைக்கவில்லை, கை செய்த வேலைதான் வெப்பமாகிறது. அதைத் திருப்பிப் போடுங்கள். மேலே ஏறும் காற்றுப் பொதியைச் சுற்றி அழுத்தம் குறைகிறது, பொதி விரிகிறது. விரிய வேண்டுமானால் சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டும். தள்ளுவது வேலை, அந்த வேலைக்கான கூலியைத் தன் சொந்தக் கையிருப்பிலிருந்தே கொடுக்கிறது. கையிருப்பு குறைந்தால் வெப்பநிலை குறைகிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் 9.8 டிகிரி. வெளியே வெப்பம் போகாமல், மேகமும் ஆகாமல் குளிரும் இந்த வேகம்தான் உலர் அடியபாட்டிக் வீதம்.

7:22ஐ நீங்களே கண்டுபிடியுங்கள். துப்பு: இந்திய நேரம் எந்தத் தீர்க்கரேகையில் ஓடுகிறது? கோவை எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது?

குறுக்குக்கேள்வி | ஜூன் 12, காலை 8:15

ஏறும் காற்று குளிர்கிறது, சரி. ஊட்டியில் காற்று எப்போதும் ஏறிக்கொண்டா இருக்கிறது? அசையாமல் நிற்கும் ஊட்டிக் காற்று ஏன் குளிர வேண்டும்? மேலும், உங்கள் 9.8 கணக்குப்படி மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயர வித்தியாசத்தில் 18, 19 டிகிரி குறைய வேண்டும். மேட்டுப்பாளையத்தில் 33 என்றால் ஊட்டியில் 14, 15தான் இருக்க வேண்டும். மதியத்தில் அவ்வளவு குறைவதை நான் பார்த்ததில்லையே.

கரும்பலகை | ஜூன் 12, மதியம் 1:20

தேர்வில் கேட்க வேண்டிய கேள்வி. வெயில் பெரும்பாலும் காற்றை நேராகச் சூடாக்குவதில்லை. தரையைச் சூடாக்குகிறது, தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. அடுப்பு கீழே இருக்கிறது. கீழே சூடான காற்று ஏறுவதும், மேலே இருப்பது இறங்குவதுமாக வளிமண்டலம் காலங்காலமாகக் கிளறப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இன்றைக்கு ஊட்டியில் நிற்கும் காற்று இன்றைக்கு ஏறாமல் இருக்கலாம்; ஆனால் உயரத்துக்கு ஏற்ற வெப்பநிலை அந்தக் கிளறலால் அமைந்ததுதான்.

ஏன் 9.8 இல்லை? பாதி வழியில் நீராவி மேகத் துளியாகும்போது ஆவியானபோது வாங்கிவைத்த உள்ளுறை வெப்பத்தைக் கொட்டிவிடுகிறது. அதனால் மேகத்துக்குள் ஏறும் காற்று மெதுவாகவே குளிரும். நம்மூர் போன்ற வெப்பமான ஈரக்காற்றில் கிலோமீட்டருக்கு 4 அல்லது 5 டிகிரிதான். உலகச் சராசரியாகப் பாடப்புத்தகம் சொல்வது 6.5. அந்தக் கணக்கில் மேட்டுப்பாளையத்தில் 33 என்றால் ஊட்டியில் 20, 21 வரும்.

ஊட்டி சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தும் குளிர்கிறதே என்று கேட்பவர்களுக்கு: 15 கோடி கிலோமீட்டரில் இரண்டேகால் கிலோமீட்டர் மிச்சம். அது மட்டுமல்ல, பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி முதல் வாரத்தில். நாம் போர்வை தேடும் மாதம் அது.

பலூன்காரர் | ஜூன் 12, இரவு 8:02

பணி ஓய்வு பெற்ற வானிலைப் பதிவாளன். கடலோர நிலையம் ஒன்றில் பல ஆண்டுகள் பலூன் விட்டவன். நீங்கள் எழுதும் எண்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று ஒரு வார்த்தை சொல்லலாமா?

உலகம் முழுக்க ஒரே நேரத்தில், கிரீன்விச் 0 மணிக்கும் 12 மணிக்கும் என்று வைத்துப் பலூன் விடுவார்கள். நமக்கு அது காலை 5:30, மாலை 5:30. ஹைட்ரஜன் நிரப்பும் கொட்டகைக்குள் தீக்குச்சி, செல்போன் எதுவும் போகக் கூடாது. கையில் பிடித்துக்கொண்டு வெளியே வரும்போது காற்று பலமாக இருந்தால் பலூன் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். கீழே நூலில் தொங்கும் சின்னப் பெட்டிதான் ரேடியோசோண்ட். வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் எல்லாவற்றையும் வானொலியில் சொல்லிக்கொண்டே ஏறும். 30 கிலோமீட்டர் வரை போனால் அங்கே அழுத்தம் தரையில் இருப்பதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. பலூன் ஊதிப் பெருத்து வெடித்துவிடும். விரிவது என்றால் என்னவென்று கேட்ட தம்பி, எங்கள் பலூனை நினைத்துக்கொள்ளலாம்.

எனக்குக் கடைசி நாள் வரை அலுக்காதது ஒன்று உண்டு. கீழே சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும், 28 டிகிரி. ஒன்றரை மணி நேரத்துக்குள் திரையில் கழித்தல் 80 டிகிரி வரும். அதுவும் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில். அதற்கு மேலே போனால் குளிர் நின்று, வெப்பநிலை மெல்ல ஏறத் தொடங்கும். வளிமண்டலத்தின் கீழடுக்குக்குக் கூரை அது. துருவங்களில் அந்தக் கூரை 8, 9 கிலோமீட்டரிலேயே வந்துவிடுவதால் அங்கே இவ்வளவு தூரம் குளிர்ந்துகொண்டே போக இடமில்லை. துருவக் கூரையைவிட நம் தலைக்கு மேலே உள்ள கூரைதான் அதிகக் குளிர் என்றால் வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை.

திரி காய்ந்ததற்கு வெட்கப்பட வேண்டாம் தம்பி. அளவுக் கருவியைச் சந்தேகிப்பது ஒரு படிப்பு. பீர்மேட்டில் 1918இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி, 1948இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்து வாழ்நாளையே கருவிகளுக்குக் கொடுத்தார். எங்கள் காலத்தில் நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு கருவியும் தரப்படுத்திய சீட்டோடு வந்ததன் பின்னால் அவரைப் போன்றவர்களின் பிடிவாதம் இருந்தது.

மேட்டாங்காடு | ஜூன் 12, இரவு 9:17

படித்தவர்கள் பேசும் இடத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும். பல்லடம் பக்கம் விவசாயம். இத்தனை தெரிந்தும், "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்று தினமும் சொல்கிறார்களே, அந்த ஓரிரு இடத்தில் என் காடு ஒருநாளும் வந்ததில்லை. அந்த வார்த்தைக்கு ஏதாவது அளவு உண்டா, அல்லது வாய்க்கு வந்ததா?

கரும்பலகை | ஜூன் 12, இரவு 10:11

அளவு உண்டு ஐயா. ஒரு வட்டாரத்தில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு மேற்படாமல் மழை பதிவானால் "ஓரிரு இடங்களில்". முக்கால்பங்குக்கு மேல் என்றால் "பெரும்பாலான இடங்களில்". அதுவும் 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் மழைநாள் கணக்கு. கன மழை என்றால் 7 சென்டிமீட்டர் முதல், மிக கன மழை 12 முதல், அதி கன மழை 21 முதல். மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுவேன். செய்தி கேட்கும் வீட்டில் விளக்கம் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே.

உங்கள் காட்டுக்கு ஏன் ஜூனில் வருவதில்லை என்பது வேறு கதை. அதைத் திரிக்காரத் தம்பியைக் கொண்டே சொல்லவைக்கலாம் என்று பார்க்கிறேன். தம்பி, நாளை மதியம் அளவெடுக்கும்போது உலர்குமிழ், ஈரக்குமிழ் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் பனிநிலையைப் பாருங்கள். வெப்பநிலையில் பனிநிலையைக் கழித்து 125ஆல் பெருக்கினால், உங்கள் காற்று எத்தனை மீட்டர் ஏறினால் மேகமாகும் என்று கிடைக்கும். ஏறும் பொதி கிலோமீட்டருக்கு 9.8 குளிர்கிறது, அதன் பனிநிலையும் 1.8 அளவுக்கு இறங்குகிறது. இடைவெளி கிலோமீட்டருக்கு 8 சுருங்குகிறது. ஒரு டிகிரி சுருங்க 125 மீட்டர். வேறு மந்திரம் இல்லை.

நனையாத திரி | ஜூன் 13, மாலை 5:48

முதலில் 7:22. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். கோவை சுமார் 77. வித்தியாசம் ஐந்தரை. டிகிரிக்கு 4 நிமிடம், 22 நிமிடம்! ஆக எங்கள் ஊர்ச் சூரியனுக்கு அப்போதுதான் காலை 7 மணி. இதே கணக்கில் சென்னைக்கு 9 நிமிடம்தான் வருகிறது. ராகுகாலத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் மழையை மட்டும் ஏன் 8:30க்கு அளக்கிறோம்?

இன்றைய அளவு. திரியை நேற்றே மாற்றினேன். குப்பி நிறையத் தண்ணீர். உலர்குமிழ் 31, ஈரக்குமிழ் 24. ஈரப்பதம் 55 சதவீதம் சொச்சம், பனிநிலை 21. இடைவெளி 10, அதனால் 1,250 மீட்டர். கல்லூரி கடல்மட்டத்திலிருந்து 425 மீட்டர் அளவில் இருக்கிறது. கூட்டினால் 1,675 மீட்டர். பெருமிதத்தோடு நிமிர்ந்து மேற்கே பார்த்தேன். வெள்ளியங்கிரி மலையின் உச்சி மட்டுமல்ல, மலையே இடுப்புக்கு மேல் காணவில்லை. உச்சி 1,700க்கு மேல் என்கிறார்கள். மேகம் என் கணக்கைவிட நானூறு ஐந்நூறு மீட்டராவது கீழே நிற்கிறது. திரி நனைந்துதான் இருந்தது, மூன்று முறை தொட்டுப் பார்த்தேன்.

மூன்றாமாண்டு அக்கா | ஜூன் 13, மாலை 6:20

7:22க்கும் 8:30க்கும் விடை எனக்குத் தெரியும். பயிர் கடிகாரம் பார்ப்பதில்லை, சூரியனைப் பார்க்கிறது. அதனால் பயிருக்கான அளவு ஊர்ச் சூரியன்படி. வானிலை வரைபடத்துக்கோ நாடு முழுக்க ஒரே கணத்தின் படம் வேண்டும். அதனால் மழை எல்லா ஊரிலும் 8:30. ஒரே வேலிக்குள் இரண்டு கடிகாரம். நானும் இதைக் கண்டுபிடிக்க ஒரு பருவம் ஆனது.

மேகக் கணக்கு எங்கே தவறியது என்று தெரியவில்லை. கூண்டுக்குள் காற்றோட்டம் குறைவாக இருந்து ஈரக்குமிழ் சரியாக இறங்காமல் போயிருக்குமோ?

குறுக்குக்கேள்வி | ஜூன் 13, இரவு 7:05

அப்படியானால் ஈரக்குமிழ் உண்மையைவிட அதிகமாகக் காட்டியிருக்கும். உண்மையான பனிநிலை இன்னும் குறைவு. மேகம் இன்னும் உயரத்தில் இருக்க வேண்டும். தப்பு அதிகமாகிறதே தவிரக் குறையவில்லை. 125 என்ற எண்ணே சமவெளிக்குத்தான் பொருந்துமோ?

மேட்டாங்காடு | ஜூன் 13, இரவு 7:52

எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் அந்த மேகம் எங்கள் பக்கத்தில் உண்டானதல்ல. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து எட்டிப் பார்க்கும், இறங்க இறங்கக் கரைந்துபோகும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். மேற்கே கறுத்திருக்கும், இங்கே வெறும் காற்றுதான் வீசும்.

கரும்பலகை | ஜூன் 13, இரவு 8:40

ஐயா சொல்லிவிட்டார், நான் கணக்கை மட்டும் போடுகிறேன்.

தம்பி அளந்தது சரி, 125உம் சரி. ஆனால் அது கல்லூரிக் காற்றின் கணக்கு. மலைமேல் இருப்பது வேறு காற்று. மலைக்கு மேற்கே, பாலக்காட்டுப் பக்கத்து மழைநாளை எடுத்துக்கொள்வோம். 100 மீட்டர் உயரத்தில் வெப்பநிலை 27, பனிநிலை 24 என்று வைத்துக்கொண்டால் இடைவெளி 3. 375 மீட்டர் ஏறினாலே மேகம். அதாவது கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்குள். அங்கிருந்து உச்சி வரை மேகமாகவே ஏறுகிறது, வழியில் மழையாகக் கொட்டுகிறது. உச்சி தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அழுத்தம் கூடி, பொதி அமுங்கி, சூடாகி, மிச்சமிருக்கும் துளிகள் ஆவியாகிவிடுகின்றன. மலையின் இடுப்பில் தம்பி பார்த்தது மேகத்தின் அடித்தளமல்ல. மேகம் கரையும் விளிம்பு.

பாதி நீரை அந்தப் பக்கமே விட்டுவிட்டு வருவதால், கரையும் விளிம்பு அது உருவான உயரத்தைவிட மேலே இருக்கும். அங்கே 475, இங்கே ஆயிரத்துச் சொச்சம் என்று பொருந்துகிறதா? கொட்டிய நீரின் உள்ளுறை வெப்பம் மட்டும் காற்றோடு இந்தப் பக்கம் வந்துவிட்டது. அதனால் அங்கே 27 டிகிரியில் புறப்பட்டது இங்கே 31 ஆகவும் வறண்டும் வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலை ஏறாமல் நேரே வரும் காற்றும் இதோடு கலக்கிறது. கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஆனாலும் கோவைக்கு ஆண்டு மழை 65, 70 சென்டிமீட்டராக இருக்கும்போது, அதே மாவட்டத்தின் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றாக இருப்பதற்கு மலையின் எந்தப் பக்கம் என்பதே விடை.

மேட்டாங்காடு ஐயா, உங்களுக்கு ஐப்பசியில் காற்று திரும்பும்போதுதான். அப்போது கிழக்கே வங்கக் கடலிலிருந்து வரும்.

மேட்டாங்காடு | ஜூன் 13, இரவு 9:03

அது தெரிந்துதான் கொண்டல் வரும் வரை விதைக்காமல் காத்திருக்கிறோம். வாடை, கோடை, தென்றல், கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்தவர்களும் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் வைத்தார்கள். உங்கள் பாடத்திலும் அப்படித்தானா, போகும் திசையா?

கரும்பலகை | ஜூன் 13, இரவு 9:15

வரும் திசைதான் ஐயா. பாதி வகுப்பு ஒவ்வோர் ஆண்டும் அதைத் தலைகீழாக எழுதிவைக்கிறது.

நனையாத திரி | ஜூன் 13, இரவு 11:26

பதிவேட்டில் 11ஆம் தேதி வரியை அடித்துவிட்டு, "திரி காய்ந்திருந்தது, அளவு செல்லாது" என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆசிரியர் அழித்து எழுதக் கூடாது என்றார்.

அடுத்த வாரம் என் முறை வெயில்மானிக்கு. கண்ணாடிக் குண்டு வெயிலைக் குவித்து அட்டையைச் சுட்டு வைக்குமாம். சுட்ட கோட்டின் நீளத்தை அளந்தால் வெயில் நேரம். மேற்கு மேகம் மதியம் மூன்று மணிக்குச் சூரியனை மறைத்தால் அட்டையில் தெரியுமா? அந்தக் கருவியில் காய்ந்துபோக ஒன்றும் இல்லையே?

பலூன்காரர் | ஜூன் 14, காலை 5:34

காய்வதற்கு ஒன்றும் இல்லை. முந்தின நாள் அட்டையை மாற்ற மறந்தால் ஒரே அட்டையில் இரண்டு நாள் வெயில் எரிந்திருக்கும். சூரியன் மறைந்த பிறகு மாற்றுங்கள், பின்புறம் தேதி எழுதுங்கள்.